கடனாளிக்குச் சாப்பாடு போடும் சட்டம்

திருவொற்றியூர்க் கோயிலின் பழைய கல்வெட்டுகளில் பல, சாமி கும்பிடப் போகிறவர் எதிர்பார்க்காத சங்கதியைப் பேசுகின்றன: கடன், வட்டி. பல்லவர் காலத்தில், சோழர் காலத்தில், யாரோ ஒருவர் கோயில் விளக்குக்கென்று பொன் கொடுப்பார். அதைப் பக்கத்து ஊர்ச் சபை வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் வட்டி செலுத்துவதாகக் கல்லில் வெட்டித் தரும். அந்தக் காலத்து அறக்கட்டளைக் கல்வெட்டுகளில் ஒரு சுவையான நிபந்தனை தென்படும். வட்டி தண்ட வருகிறவருக்கு, கடன்பட்டவர்களே நாள்தோறும் இரண்டு சோறு போட வேண்டும். இழுத்தடித்தால் வட்டியோடு சாப்பாட்டுச் செலவும் சேரும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொரு வழக்கத்தை எழுதிவைத்தார். பலமுறை கேட்டும் கொடுக்காதவனைக் கண்டால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் வட்டம் கீறிவிடுவான். பணத்தையோ பிணையையோ தராமல் கோட்டைத் தாண்டினால் மரண தண்டனை. குதிரையில் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகன் அப்படி வளைத்துவிட, பாக்கி தீரும்வரை அரசன் நகரவில்லையாம்.

இப்போது அதே திருவொற்றியூரில் நீங்கள் ஒரு நண்பருக்கு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டின் பேரில் 3 லட்சம் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பணம் வரவில்லை. கேஸ் போட்டீர்கள், ஜெயித்தீர்கள், டிக்ரி கையில் இருக்கிறது. இனி கோர்ட்டே வசூலித்துக் கொடுத்துவிடும் என்று நினைப்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். டிக்ரி, கடன் உண்டு என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. பணத்தைப் பிடிக்கத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும். எதை ஜப்தி செய்வது என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். கோர்ட் ஊழியரான அமீனா நோட்டீஸை எடுத்துக்கொண்டு போவார், கதவில் ஒட்டுவார்; கடனாளியின் சொத்து எங்கே இருக்கிறது என்று துப்பறிய மாட்டார்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், எதைத் தொடக்கூடாது என்று நீளமான பட்டியல் வைத்திருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், பி.எஃப். பணம், கூலித் தொழிலாளியின் கூலி. காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமப்பவரின் அன்றாடக் கூலியை எந்த டிக்ரியாலும் பிடிக்க முடியாது. மாதச் சம்பளக்காரர் என்றால் வழி உண்டு, அளவும் உண்டு. கணக்கில் வரும் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாய் அவருக்கு. மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. 25,000 என்றால் மாதம் 8,000 உங்களுக்கு. அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான்; அதன் பிறகு அந்த டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தைத் தொடவே முடியாது. பெருக்கிப் பாருங்கள், 1,92,000. கொடுத்தது 3 லட்சம். மீதிக்கு வேறு சொத்தைத் தேட வேண்டியதுதான்.

சரி, ஆளைப் பிடித்து உள்ளே வைக்கலாமா? 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு மூன்று மாதம்வரை சிவில் சிறை உண்டு. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்ய முடியாது. சூரியன் மறைந்தபின் அமீனா வீட்டுக்குள் நுழையக் கூடாது. இங்கேதான் பல்லவர் காலக் கணக்கு தலைகீழாகிறது. சிறையில் இருக்கும் கடனாளியின் சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவர் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கடனாளியை விடுதலை செய்துவிடுவார்கள். வெளியே வந்தவரை அதே டிக்ரிக்காக மறுபடி கைது செய்ய முடியாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு பூட்டுப் போட்டார். இல்லாமையால் கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏய்ப்பவரைத்தான் அனுப்பலாம். என் பார்வையில் இது நியாயமான பூட்டு. அநியாயம் தாமதத்தில் இருக்கிறது. இந்தியாவில் வழக்காடுபவரின் சிரமம் டிக்ரி வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் நொந்துகொண்டது 1872இல். சேலம் நிலத் தகராறு ஒன்றில், பெரியம்மாள் வழக்கில், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 மார்ச்சில். அதே ஆண்டு அக்டோபரில் கணக்குப் பார்த்தபோது நாடு முழுக்க 8.8 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தேங்கிக் கிடந்தன. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு.

சட்டத்துக்கு வேகமே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. எண்ணூர்த் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் மாலுமிகளுக்குச் சம்பளப் பாக்கி என்றால், சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புக்கு முன்பே கப்பலைக் கைது செய்யலாம். 2017ஆம் ஆண்டின் கடல்சார் சட்டம் அதற்கு இடம் தருகிறது. காரணம் எளிது: கப்பல் கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது. உங்கள் கடனாளியின் ராயபுரத்து வீடு நகராதுதான். ஆனால் பத்திரம் ஒரே நாளில் மைத்துனர் பெயருக்கு நகர்ந்துவிடும்.

அதற்கும் சட்டத்தில் மருந்து இருக்கிறது, பலர் கேட்பதில்லை. சொத்தை மாற்றப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். டிக்ரிக்குப் பிறகு, உமக்கு என்னென்ன சொத்து என்று பிரமாண வாக்குமூலம் தரும்படி கடனாளிக்கு உத்தரவிடக் கோரலாம். மீறினால் அதற்கே மூன்று மாதம்வரை சிறை. ஆகவே கடன் கொடுக்கிற அன்றே அவருடைய பேங்க் கணக்கு, வேலை செய்யும் இடம், வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புரோநோட்டுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு, டிக்ரியை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு. அதற்குள் மனுப் போடாவிட்டால் டிக்ரி வெறும் காகிதம்.