நன்னீர் தின்னும் வள்ளம்

பழுதும் பட்டறையும் – 11

பல்லேபொலயிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைக் காண 80 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். மாத்தளைக்கு வடக்கே, மிளகும் தென்னையும் நெல்லும் விளையும் ஊர் அது. அங்கே உட்கார்ந்து படகுத் திருத்தம் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, மாவட்டத்தின் வட பாதியில் உள்ள நீர்நிலைகளின் பெயர்களைச் சொன்னாலே போதும்: போவதென்ன, தேவஹுவ, கண்டலம, மொரகஹகந்த. போவதென்ன நீர்த்தேக்கம் மகாவலித் திட்டத்தில் உருவானபோது நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலையே கல் கல்லாகக் கழற்றி உயரமான இடத்தில் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கோயில் போன இடத்தில் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு மீனும், மீனோடு வள்ளமும் வந்தன.

அந்த வள்ளங்கள் பெரும்பாலும் பைபர் வள்ளங்கள். ஒடுங்கிய உடல், ஒரு பக்கம் மிதவைக் கட்டை, இரண்டு பேர், துடுப்பு, செவுள் வலை. இலங்கையின் குளத்து மீன்பிடியில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. வலையில் விழுவதில் பெரும்பங்கு திலாப்பியா. 1952 இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அந்த மீன்தான், கடலைக் காணாத ஊர்களின் தட்டுக்கும் மலிவான மீனைக் கொண்டுவந்தது.

இந்தத் தொழிலுக்கு இடையில் ஒரு கெட்ட காலம் வந்தது. 1990 இல் உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. 1994 இல்தான் மீண்டும் தொடங்கியது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 'நக்டா' என்று எல்லோரும் அழைக்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. தம்புள்ளையில் அதன் மீன்குஞ்சு உற்பத்தி நிலையம் இருக்கிறது. ஆதரவு நின்ற அந்த நான்கு ஆண்டுகளில் குளத்து மீனவர் கையில் இருந்த வள்ளத்தை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு தடுமாறியபோது கதை திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. பைபர் வள்ளம் கட்டத் தேவையான றெசினும் கண்ணாடியிழைப் பாயும் இறக்குமதிச் சரக்குகள்; புதிய வள்ளம் எட்டாத விலைக்குப் போனால், பழையதைத் திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் பழையதைத் திருத்தும்போதுதான் ஒரு தவறான எண்ணம் குறுக்கே வருகிறது. கடல் நீர் உப்பு, அது அரிக்கும். குளத்து நீர் நல்ல நீர், அது வள்ளத்தை ஒன்றும் செய்யாது என்ற எண்ணம். இரும்புக்கு அது ஓரளவு சரி. பைபருக்கு நேர்மாறு.

பைபர் வள்ளத்தின் வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும் மேல்தோலை ஜெல்கோட் என்பார்கள். அதற்குப் பின்னால் கண்ணாடியிழையும் பொலியெஸ்டர் றெசினும் அடுக்கடுக்காக இருக்கும். ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை; மிக மெதுவாக, மூலக்கூறு அளவில் உள்ளே விடும். உள்ளே சரியாக இறுகாத றெசின் துணுக்குகளும் காற்றுக் குமிழிகளும் இருந்தால், நுழைந்த நீர் அங்கே கரைசலாகித் தேங்கும். அந்தக் கரைசல் தன்னைவிட நீர்த்த வெளித் தண்ணீரை மேலும் உள்ளே இழுக்கும். கடல் நீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் அந்த இழுவை குறைவு. குளத்து நீரில் உப்பு அரிது; எனவே இழுவை அதிகம். நீர் சூடாக இருந்தால் இன்னும் வேகம். உலர் வலயத்துக் குளமென்றால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

விளைவு, வள்ளத்தின் அடியில் கொப்புளங்கள். காசு அளவில் தொடங்கி உள்ளங்கை அளவுவரை போகும். ஒன்றைக் கத்தி முனையால் குத்தினால் பிசுபிசுப்பான திரவம் சொட்டும். வினாகிரியை நினைவூட்டும் புளித்த நெடி அடிக்கும். அந்த நெடி வந்துவிட்டால் மேலே பெயின்ட் பூசி மறைத்துப் பயனில்லை. கொப்புளங்களை எல்லாம் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, நிழலில் வாரக்கணக்கில் காயவிட்டு, பிறகு எபொக்சி பூச்சால் தடுப்புப் போட வேண்டும். இதில் செலவு கூடியது எபொக்சி அல்ல, அந்த வாரங்கள்தான். வள்ளம் கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வலை நனையாத நாள்.

அதனால்தான் குளக்கரைகளில் கேட்கும் வேண்டுகோள் வேறு மாதிரி இருக்கும். "அண்ணே, ரெண்டு பாய ஒட்டி விடுங்க, நாளைக்கு எறக்கணும்." திருத்துபவருக்கும் தெரியும், நாளைக்கு இறக்கினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும் என்று. ஆனால் இருவருக்கும் வயிறு இருக்கிறது.

குளம் வள்ளத்துக்குத் தரும் அடி இதோடு நிற்பதில்லை. நீர்த்தேக்கம் நிரம்பும்போது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் அப்படியே நிற்கும். நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் அவை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கூர்முனையோடு காத்திருக்கும். குளக்கட்டின் அலைகற்கள்மீது தினமும் இழுத்தேற்றும்போது அடிப்பாகத்தின் நடுவரி தேயும். ஜெல்கோட் தேய்ந்து இழை வெளியே தெரிந்த இடம், தண்ணீர் உறிஞ்சும் திரிபோல வேலை செய்யும்.

ஒரு கையகல ஓட்டையை எப்படி அடைப்பது என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் இந்தத் தொழிலின் நுணுக்கம் புரியும். முதலில் ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். பார்ப்பவருக்குப் பதறும். நொறுங்கிய இழை, நிறம் வெளுத்த இழை, தட்டினால் மந்தமாக ஒலிக்கும் இடம் எல்லாம் வெட்டப்படும். நல்ல பைபரைச் சிறு சுத்தியலால் தட்டினால் 'டக்' என்று தெளிவாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று செத்த ஒலி தரும். விலை உயர்ந்த கருவிகளுக்கு முன்னால் இன்றும் முதல் பரிசோதனை இந்தத் தட்டல்தான்.

அடுத்தது சரிவு. ஓட்டையின் விளிம்பை நேராக விட்டுவிட்டு மேலே பாய் ஒட்டினால் அது மூடிபோலத்தான் இருக்கும். அழுத்தம் வந்த நாளில் மூடி கழன்று போகும். எனவே விளிம்பைக் கிரைண்டரால் சாய்வாக அரைக்க வேண்டும். பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வள்ளத்தில், ஓட்டையைச் சுற்றி 60 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சரிவு. 10 சென்ரிமீற்றர் ஓட்டைக்கு 22 சென்ரிமீற்றர் வட்டம் அரைபடும். ஓட்டையைவிடக் காயம் பெரிது என்று உரிமையாளர் முறைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

அரைத்த இடத்தை அசிற்றோனால் துடைத்து, பாயை வட்டவட்டமாகச் சிறியதிலிருந்து பெரியதாக வெட்டி வைத்துக்கொள்வார்கள். பிறகுதான் றெசின் கலப்பது. இறுகுவதை விரைவாக்கும் கோபால்ற் கலந்த றெசினில் ஒரு கிலோவுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 முதல் 20 மில்லிலீற்றர். காலை வெயில் ஏறுமுன் என்றால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். நண்பகலில் கலந்தால் தூரிகையைத் தொடுமுன்னே வாளியில் ஜெலியாகிச் சூடேறும். வாளியை வீசிவிட்டுப் புதிதாகக் கலப்பதே கெட்டித்தனம். கோபால்றையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது; வெடிக்கும் அபாயம் உண்டு. இதைப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பாயை வைத்து றெசினை ஊட்டி, பல்வைத்த உருளையால் காற்றை வெளியேற்ற வேண்டும். வெண்மையாகத் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. நாளைய கொப்புளத்தின் விதை. துண்டுப் பாயில் எடைக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கண்ணாடி, மீதி றெசின். இதற்கு மேல் றெசினை ஊற்றினால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடாது, நொறுங்கும். பலம் இழையில் இருக்கிறது, பசையில் அல்ல.

இந்த வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு மோட்டார் வாகனத்துக்குப் பூசும் பொடி பில்லரால் ஓட்டையை அடைத்து மேலே நீலப் பெயின்ட் அடித்த வள்ளங்களும் குளங்களில் மிதக்கின்றன. அந்தப் பில்லரில் இருக்கும் மாவுத்தூள் தண்ணீரைக் குடிக்கும். காருக்கு நல்லது வள்ளத்துக்கு நஞ்சு.

இலங்கையில் பைபர் படகுக்கலை வேர்விட்ட இடங்களில் ஒன்று தமிழர் அறிந்த காரைநகர். நோர்வேயைச் சேர்ந்த ஆர்னே ஃபியோர்டோஃப்ட் 1960களின் பிற்பகுதியில் அங்கே தொடங்கிய சீநோர் திட்டம், படகுத் துறையும் மீன்பிடிப் பயிற்சியுமாக வளர்ந்தது. உள்நாட்டு யுத்தம் அதைச் சிதைத்தது. சீநோர் பெயர் இன்று அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனமாக மீன்பிடி அமைச்சின் கீழ் தொடர்கிறது. கொழும்பு மட்டக்குளியில் அதற்குப் படகுத் துறை இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமி நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய முக்கால்வாசியை அழித்தோ சேதப்படுத்தியோ போன பிறகு, படகு கட்டும் பட்டறைகள் திடீரென்று முளைத்தன. உதவி நிறுவனங்கள் எண்ணிக்கையைப் பார்த்தன, இழையின் தடிப்பைப் பார்க்கவில்லை. தரம் குறைந்த படகுகள் கரையேறின. ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2009 இல் திறந்த பைபர் படகு கட்டுவதற்கென்றே ஒரு கைநூலை வெளியிட்டதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

ஒழுங்காகக் கட்டிய பைபர் எவ்வளவு காலம் தாங்கும்? பிரிட்டிஷ் கடற்படையின் 'எச்.எம்.எஸ். வில்ற்றன்' 1973 இல் சேவைக்கு வந்தது. கண்ணாடியிழையால் கட்டப்பட்ட உலகின் முதல் போர்க்கப்பல் அது. காந்தத்துக்கு அகப்படாத உடல் வேண்டும் என்பதால் கண்ணிவெடி தேடும் வேலைக்காக அப்படிக் கட்டினார்கள். 1994 இல் ஓய்வு பெற்ற அந்தக் கப்பல், பின்னர் இங்கிலாந்தின் லீ-ஒன்-சீயில் ஒரு படகுக் கழகத்தின் மனையாகப் புது வாழ்வு பெற்றது.

வள்ளம் செய்யும் இன்னொரு பொருளான அலுமினியத்தின் கதை இன்னும் சுவையானது. 1944 இல் அமெரிக்காவின் கிரமன் விமான நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஹொஃப்மன், மரமும் கித்தானும் கொண்ட கனத்த வள்ளத்தை மலைக்காட்டில் தூக்கி நடந்து களைத்துப் போனார். விமானத்துக்குப் போடும் தகட்டில் ஏன் வள்ளம் செய்யக் கூடாது என்று கேட்டார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் போர்விமானத் தொழிற்சாலையிலிருந்து தறையாணியடித்த அலுமினிய வள்ளங்கள் வரத் தொடங்கின. அந்தத் தலைமுறை வள்ளங்களைத் தேடி வாங்கித் திருத்துவோர் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

நம் குளங்களில் அலுமினியம் அரிது. ஆனாலும் திருத்தும் முறையை அறிந்து வைப்பது நல்லது. ஒழுக்கைக் கண்டுபிடிக்க வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். கரையில் மரக்கட்டைமேல் வைத்து உள்ளே தண்ணீரை ஊற்றினால் போதும். எந்த ஆணியடியில் துளி கோர்க்கிறதோ அங்கே அடையாளம். தளர்ந்த ஆணியை இரு பக்கமும் பிடித்து அடித்து இறுக்கலாம், அல்லது துளைத்தெடுத்துப் பெரிய ஆணி போடலாம். வெல்டிங்தான் கண்டம்: அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன்மேல் படிந்த ஒக்சைட் தோலோ 2000 பாகைக்கு மேல்தான் உருகும். தோலைச் சுரண்டாமல் தீயை வைத்தால் உள்ளே உருகி ஓடும், வெளியே ஒட்டாது. அடித்தட்டில் ஒரு துண்டுச் செப்புக்கம்பி ஈரத்தோடு கிடந்தால் போதும், அந்த இடத்தில் அலுமினியம் அரித்து ஓட்டை விழும்.

திருத்த முடியாத பைபர் வள்ளம் என்ன ஆகும் என்பது யாரும் பேச விரும்பாத பகுதி. அது மக்காது. உருக்கி வார்க்கவும் முடியாது. எரித்தால் கரும்புகையும் நச்சு வாயுவும். அதனால் அலைகரையில் கவிழ்க்காமல் விட்டுவிடுகிறார்கள்; மழை பெய்தால் அது நுளம்புத் தொட்டி. டெங்கு ஆண்டுதோறும் ஆட்களைப் படுக்க வைக்கும் நாட்டில் இது சின்ன விடயமல்ல. ஒரு வள்ளத்தின் ஆயுளைப் பத்தாண்டு நீட்டுவது, அந்தக் குப்பையைப் பத்தாண்டு தள்ளிப்போடுவதும்தான்.

கச்சான் காற்று வீசி நீர் வற்றும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் மாத்தளையின் வட பகுதியில் வள்ளம் காயவிட உகந்தவை. ஒக்டோபர் மழைக்கு முன் வேலையை முடித்துவிடலாம். வலைக்கும் வள்ளத்துக்கும் மானியம் கேட்டு மனு எழுதும் குளத்து மீனவர் சங்கங்கள், அடுத்த மனுவில் கூரை போட்ட ஒரு காயவைக்கும் கொட்டகை, ஒரு கிரைண்டர், தூசுக்கும் றெசின் நெடிக்கும் தாங்கும் நல்ல முகக்கவசங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கட்டும். ஒரு புதிய வள்ளத்தின் விலைக்குள் அடங்கக்கூடிய கோரிக்கைதான் அது.

(தொடரும்)