ஒரே கட்டா, நாலு பெயர்... தெரியுமா?

வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே முகூர்த்தம் இல்லை, கராத்தே போட்டி! மணமக்கள் உட்காரும் மேடையில் நடுவர்கள். பந்தி நடக்கும் கூடத்தில் வெள்ளை உடையும் வண்ண பெல்ட்டுமாகப் பிள்ளைகள். ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு வந்து சுவரோரம் சாய்ந்திருக்கும் அப்பாக்கள். இப்படி ஒரு கூடத்தில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே காதைக் கொடுத்தால் கட்டாயம் விழும் ஒரு வாக்குவாதம் இது:

"டேய், நீ பண்ணது ஹேயான் ஷோடான்டா."

"இல்லக்கா, எங்க மாஸ்டர் பினான் நிடான்னுதான் சொல்லிக் குடுத்தாரு."

"ஷோடான்னா முதல் படி. எல்லாரும் முதல்ல கத்துக்கறது இதுதானே?"

"நிடான்னா ரெண்டாவது. இது ரெண்டாவதுதான்க்கா!"

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரி! எப்படி என்று கேட்டால், அந்தக் கதை ஒகினாவா, சீனா, கொரியா, சிதம்பரம் என்று சுற்றிவிட்டு நம் பாலாற்றங்கரைக்கே திரும்பி வருகிறது. வாருங்கள்!

'அமைதி'க்கு நாலு உச்சரிப்பு, தெரியுமா?

தனி ஆளாக, எதிரி இருப்பதாக எண்ணிக்கொண்டு, வரிசை மாறாமல் செய்யும் தாக்குதல் தடுப்புத் தொகுப்புதான் கட்டா. அக்காவும் தம்பியும் மோதிக்கொண்ட கட்டா, ஒகினாவாத் தீவின் ஆசான் அன்கோ இதோசு, பள்ளிப் பிள்ளைகளுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐந்தில் ஒன்று. பெயர் 'பினான்'. பொருள்: அமைதி, நலம்.

அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனகோஷி 1922இல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோனார். 'பினான்' என்று எழுதும் சீன எழுத்துகளை ஜப்பானிய முறைப்படி வாசித்தால் 'ஹேயான்'. எழுத்து அதேதான், வாய்தான் வேறு! கொரியாவில் அதுவே 'பியோங்கான்'. சீனத்தில் 'பிங்கான்'.

இன்னொன்றும் செய்தார் ஃபுனகோஷி. இரண்டாவதாக இருந்த கட்டா முதலாவதைவிட எளிது என்பதால் இரண்டையும் இடம் மாற்றினார். அதனால் பினான் நிடான்தான் ஹேயான் ஷோடான்! அக்கா கற்றது ஃபுனகோஷியின் ஷோட்டோகான் வழி. தம்பி கற்றது பழைய வரிசையை அப்படியே வைத்திருக்கும் ஷிட்டோ-ரியு வழி. நூறு ஆண்டுக்கு முன் ஒரு ஆசிரியர் எடுத்த முடிவு, இன்று வாலாஜாபாத் மண்டபத்தில் வாக்குவாதமாக ஒலிக்கிறது!

தூதர் பெயர் வானம் பார்த்த கதை தெரியுமா?

1756இல் சீனாவிலிருந்து ஒகினாவாவுக்கு வந்த தூதுக்குழுவில் குஷன்கு என்று அழைக்கப்பட்ட ஒருவர் வந்தார் என்பது மரபு. அவர் பெயரிலேயே ஒரு கட்டா இருக்கிறது. அந்தக் கட்டா எப்படித் தொடங்கும் தெரியுமா? இரண்டு கைகளையும் சேர்த்து முக்கோணமாக்கி மேலே உயர்த்தி, அந்த இடைவெளி வழியாக வானத்தைப் பார்க்க வேண்டும். ஃபுனகோஷி அதையே பெயராக்கினார்: 'கன்கு', வானம் பார்த்தல்!

இப்படி எத்தனை மாற்றங்கள்! 'சிந்தோ' என்ற கட்டாவில் ஒற்றைக்காலில் நிற்கும் இடம் வரும். அது 'கன்காகு', பாறைமேல் நிற்கும் கொக்கு, ஆயிற்று. 'வன்ஷு' என்பது 'எம்பி', பறக்கும் குருவி. குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் காலை அகட்டி, பக்கவாட்டிலேயே நகரும் 'நைஹான்சி' என்பது 'டெக்கி', இரும்புக் குதிரை. சீனச் சாயலும் ஒகினாவா உச்சரிப்பும் கலந்த பழைய பெயர்கள் டோக்கியோ மாணவர்களுக்குப் புரியவில்லை. அதனால் கண்ணில் படம் வருவதுபோல் பெயர் சூட்டினார்.

பெயர் மாறினாலும் பழையது அழியவில்லை. உலகக் கராத்தே சம்மேளனத்தின் போட்டிப் பட்டியலில் 102 கட்டாக்கள் உண்டு. அதில் சிந்தோவும் இருக்கிறது, கன்காகுவும் இருக்கிறது, தனித்தனியாக!

கராத்தே என்ற பெயருக்கே பஞ்சாயத்து நடந்தது தெரியுமா?

'கராத்தே' என்று முன்பு எழுதிய எழுத்துகளுக்குப் பொருள் 'சீனக் கை'. இப்போதைய எழுத்துகளுக்குப் பொருள் 'வெறுங்கை'. உச்சரிப்பு ஒன்றே! எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க, 1936 அக்டோபர் 25 அன்று ஒகினாவாவின் நாஹா நகரில் பெரிய ஆசான்கள் கூடிப் பேசினார்கள். சோஜுன் மியாகி, சோமோ ஹனாஷிரோ போன்ற ஜாம்பவான்கள் அதில் இருந்தார்கள். 'வெறுங்கை' நிலைத்தது. அந்த நாளையே 2005இல் ஒகினாவா சட்டமன்றம் 'கராத்தே நாள்' என்று அறிவித்தது. பெயரைப் பற்றிப் பேசிய நாள்தான் இந்தக் கலைக்கே திருநாள்! ஆகவே பிள்ளைகள் பெயருக்காக வாதாடினால், "வாயை மூடிட்டுப் பிராக்டீஸ் பண்ணு" என்று அதட்டாதீர்கள்.

18, 36, 54, 108... எங்கேயோ கேட்ட எண்கள் மாதிரி இல்லை?

சில கட்டாக்களுக்குப் பெயரே எண்தான். 'சேசான்' 13, 'சேபாய்' 18, 'சன்சேரு' 36, 'கோஜுஷிஹோ' 54, 'சுபாரின்பே' 108. நம் ஜபமாலையில் 108 மணி, வைணவத் திருத்தலங்கள் 108 (அதில் 14 காஞ்சி நகருக்குள்ளேயே!), நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நடன அலகுகளான கரணங்கள் 108.

அந்தக் கரணங்களைச் சுற்றியும் இதேபோல் ஒரு வாதம் நடந்தது தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டன. மீதி 27 இடங்கள் இன்றும் செதுக்காத கல்லாகவே நிற்கின்றன. சிதம்பரம் கோபுரத்தில் சிற்பத்தோடு நாட்டிய சாஸ்திர வரிகளும் பொறிக்கப்பட்டிருப்பதால், எந்தச் சிலை எந்தக் கரணம் என்று அடையாளம் சொல்ல முடிகிறது. ஆனால் கரணம் என்பது அசையாமல் நிற்கும் நிலையா, அசைவா? அது அசைவுதான், சிற்பி அதில் ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறான் என்று ஆராய்ந்து, ஆடியும் காட்டியவர் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். கல்லில் பெயர் இருந்தது, ஆடும் முறையைத் தேட வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளின் மண்டபச் சண்டை எவ்வளவு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது பாருங்கள்!

ஒரகடத்து டையும் ஒரு 'கட்டா'தான், தெரியுமா?

இது நம் ஊருக்கே உரிய வியப்பு! ஜப்பானிய மொழியில் 'கட்டா' என்ற சொல்லை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்றுக்கு வடிவம் என்று பொருள். இன்னொன்றுக்கு அச்சு, வார்ப்பு என்று பொருள். பிரஸ் ஷாப்பில் தகட்டை அழுத்தி கார் கதவாக்கும் டை இருக்கிறதே, அதற்கு ஜப்பானியப் பெயர் 'கனகட்டா', உலோக அச்சு! அப்பா ஷிஃப்டில் பார்க்கும் கட்டா இரும்பைப் பழக்குகிறது. மகள் மண்டபத்தில் செய்யும் கட்டா உடம்பைப் பழக்குகிறது.

தொழிற்சாலைச் சுவரில் தொங்கும், ஜப்பானிய ஒழுங்குமுறையான 5எஸ் பலகையின் கடைசிச் சொல் 'ஷிட்சுகே', அதாவது ஒழுங்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஒரே வீட்டில் அப்பா 'கைசென்' (தொடர் மேம்பாடு) என்பார், பிள்ளை 'கட்டா' என்பாள்.

பெயரைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா?

சர்வதேசப் போட்டியில் கட்டா தொடங்கும் முன் வீரர் அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் ஒன்று, செய்தது வேறு என்றால் தகுதிநீக்கம்! பெயர் என்பது அங்கே வாக்குறுதி.

ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் ஆட்டமும் ஒன்றாகிவிடுமா? டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கட்டா இறுதிச்சுற்றை நினைத்துப் பாருங்கள், 2021 ஆகஸ்ட் 5. ஜப்பானின் கியோ ஷிமிசுவும் ஸ்பெயினின் சாந்த்ரா சான்செஸும் எடுத்துக்கொண்டது ஒரே கட்டா: சாதன்யாரா குஷன்கு. அந்தப் பழைய தூதர் பெயரேதான்! முடிவு: ஷிமிசு 27.88, சான்செஸ் 28.06. புள்ளிக்கணக்கில் நூலிழை வித்தியாசத்தில் தங்கம் கைமாறியது. மறுநாள் ஆண்கள் பிரிவில் 'ஓஹன் தாய்' செய்து தங்கம் வென்ற ரியோ கியுனா ஒகினாவாக்காரர். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஒகினாவா மண்ணின் மைந்தர் அவர்தான்!

ஒரு பெயருக்குள் அரசியலே இருக்கிறது, தெரியுமா?

கொரியக் கலையான டேக்வாண்டோவின் ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ சம்மேளனம்) பிரிவில், கட்டா போன்ற 24 வடிவங்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும் கணக்கு அது. அதில் ஒன்று 'கோடாங்'. கொரியத் தேசியத் தலைவர் சோ மான் சிக்கின் புனைபெயர். 1980களில் நிறுவனர் சோய் ஹாங் ஹி அதை எடுத்துவிட்டு 'ஜூசே' என்ற வடிவத்தைச் சேர்த்தார். ஜூசே என்பது வடகொரியாவின் அரசுக் கொள்கையின் பெயர்! அன்று தொடங்கிய மனக்கசப்பு இன்னும் ஓயவில்லை. எந்தப் பள்ளி எந்தப் பெயரைச் சொல்கிறது என்பதிலேயே அதன் வரலாறு தெரிந்துவிடும்.

போதிதர்மர் நம் பக்கத்து ஊர்க்காரரா?

'7ஆம் அறிவு' படம் வந்த 2011க்குப் பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்தில் தற்காப்புக் கலை கற்கும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பௌத்தத் துறவியான அவரைப் பற்றிய சீனக் குறிப்புகளில் மிகப் பழையது 547இல் யாங் சுவான்ஷி எழுதியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அவருடைய சீடர் வழியில் வந்த தன்லின் எழுதிய குறிப்போ, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அவரைச் சண்டைக்கலையோடு சேர்த்துப் பேசும் 'யீஜின்ஜிங்' என்ற நூலோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது! எனவே குங்ஃபூவை அவர்தான் கற்றுக்கொடுத்தார் என்பது பிற்காலக் கதை. வருத்தப்படாதீர்கள். நாம் பெருமைப்பட இரவல் கதை தேவையே இல்லை. ஏனென்றால்...

சிலம்பம் என்ற சொல்லுக்குள் எத்தனை ஒலி தெரியுமா?

'சிலம்பு' என்றால் மலை. 'சிலம்புதல்' என்றால் ஒலித்தல். மலைமூங்கிலால் வந்த பெயரா, காற்றைக் கிழிக்கும் கம்பின் ஓசையால் வந்த பெயரா? இன்றும் ஆசான்கள் சுவையாக வாதாடுகிறார்கள்! கால் வைப்பதற்கு ஒரு சொல் உண்டு: 'வீடு கட்டுதல்'. அடி மாற்றி அடி வைத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வீடு ஒன்றை எழுப்பி, அதற்குள் எதிரியை நுழைய விடாமல் ஆடுவது. எந்த நாட்டுக் கலைக்கு இப்படி ஒரு சொல் வாய்க்கும்!

களத்துக்குக் களம் பெயர் மாறுவதையும் பாருங்கள். நாம் சுருள்வாள் என்பதைக் கேரளத்தார் உறுமி என்பார்கள். அங்கே களரிப்பயிற்றில் யானை, குதிரை, சிங்கம், பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என்று எட்டு வடிவுகள். பெயர் ஒன்றாக இருந்தும் செய்யும் முறை ஆசானுக்கு ஆசான் மாறும். இலங்கையின் கிழக்கே முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி என்று இரண்டு பெயர்களும் ஒன்றாகவே புழங்குகின்றன. சீனடி! அந்தப் பெயருக்குள்ளும் ஒரு கடல்வழி இருக்கிறது.

நம் ஊர்ப்பெயரும் அப்படித்தானே! ஆற்காட்டு நவாப் முகமது அலி கானின் பட்டம் 'வாலாஜா'. அதனால் இது வாலாஜாபாத். ராணிப்பேட்டை பக்கத்தில் இருப்பது வாலாஜாபேட்டை. ஒரே மனிதர், இரண்டு ஊர். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது இன்றும் நாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் என்பது வந்த வழியின் தடம்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மேடை பெரிதாகிறது. விதிப்புத்தகம் வரும், எல்லாம் ஒரே மாதிரி ஆகும். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. கராத்தேயின் பெயர்ச் சண்டைகளை நாம் இன்று அவிழ்க்க முடிவது, அவர்கள் எழுதி வைத்ததால்தான். உங்கள் ஊர் ஆசான் ஒரு வீச்சுக்கு, ஒரு காலடிக்கு என்ன பெயர் சொல்கிறார்? அவருக்கு அதைச் சொன்னது யார், எந்த ஊர்? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இன்றே எழுதிவிடுங்கள்! அவரோடு அந்தப் பெயர் போய்விட்டால் எந்தக் கோபுரக் கல்லிலும் தேட முடியாது.

சரி, அந்த அக்காவும் தம்பியும்?

வாதத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. பக்கத்தில் பக்கத்தில் நின்று இருவரும் ஒரே நேரத்தில் செய்து பார்க்கட்டும். ஷோட்டோகானில் 21 எண்ணிக்கை, ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் 'கியாய்' முழக்கம். திரும்பும் திசையும் நடக்கும் பாதையும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே போகும். கடைசி நான்கு அடியில் பாருங்கள்: அக்காவின் கைவெட்டு நெஞ்சு உயரத்தில் தடுக்கும், உடல் எடை பின்காலில் இருக்கும். தம்பி காலை அகட்டித் தாழ்ந்து உட்கார்ந்து, கையைக் கீழ்நோக்கி வீசுவான். அங்கேதான் பாதை பிரிந்தது. அங்கேதான் டோக்கியோவும் ஒகினாவாவும் தெரியும்.

முடித்துக் காலைச் சேர்த்து நிற்கும்போது குனிந்து பார்க்கட்டும். தொடங்கிய இடத்துக்கே இரண்டு பேரும் வந்து சேர்ந்திருப்பார்கள்!