ரேடாருக்குத் தெரியாத ஆள்

2020 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை. லாஸ் ஏஞ்சலஸ் சர்வதேச விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானி, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை அழைத்தார். முதுகில் ஜெட்பேக் என்ற பறக்கும் இயந்திரத்தை மாட்டிய ஓர் ஆளை இப்போதுதான் கடந்து வந்தோம் என்றார். இடது பக்கம், சுமார் 300 கெஜ தூரம், விமானம் இருந்த அதே 3,000 அடி உயரம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விமானத்திலிருந்தும் அதே தகவல் வந்தது. அடுத்து இறங்கவிருந்த ஜெட்ப்ளூ விமானத்துக்கு எச்சரிக்கை சொன்ன கன்ட்ரோலர், இதெல்லாம் எல்.ஏ.வில் மட்டும்தான் நடக்கும் என்று அலுத்துக்கொண்டார்.

அக்டோபரில் சைனா ஏர்லைன்ஸ் விமானிகள் சுமார் 6,000 அடியில் பார்த்ததாகச் சொன்னார்கள். டிசம்பரில் ஒரு பயிற்சி விமானத்திலிருந்து வீடியோவே எடுத்துவிட்டார்கள். 2021 ஜூலையில் போயிங் 747 ஒன்றின் விமானி 5,000 அடியில் பார்த்தார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வும் எஃப்.பி.ஐ.யும் விசாரணையில் இறங்கின. ‘ஜெட்பேக் மேன்’ ஊர் அறிந்த பெயரானது.

ஜெட்பேக் செய்பவர்களுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அந்தத் தொழிலின் முதல் எதிரி எரிபொருள். 1961 ஏப்ரல் 20 அன்று நயாகரா அருகே பெல் நிறுவனத்தின் ராக்கெட் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஹரோல்ட் கிரஹாம் பறந்தது 13 விநாடி. ஹைட்ரஜன் பெராக்ஸைடு நிரம்பிய அந்த பெல்ட் எவ்வளவு தம் பிடித்தாலும் இருபது விநாடிச் சொச்சத்தைத் தாண்டாது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பில் சூட்டர் மைதானத்துக்குள் பறந்து இறங்கியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. அதுவும் அவ்வளவு நேரம்தான்.

ராக்கெட் போய் சிறிய டர்பைன் வந்தபின் நிலைமை கொஞ்சம் தேறியது. 2015 நவம்பரில் டேவிட் மேமன் நியூயார்க் சுதந்திர தேவி சிலை அருகே தண்ணீருக்கு மேல் பறந்துகாட்டினார். பிரிட்டனின் ரிச்சர்ட் பிரவுனிங் கைகளிலும் முதுகிலும் டர்பைன்களைக் கட்டிக்கொண்டு 2019-ல் மணிக்கு 136.9 கி.மீ. வேகம் தொட்டு கின்னஸில் இடம்பிடித்தார். ஆனாலும் இந்த ரகக் கருவிகளின் பறக்கும் நேரம் சில நிமிடங்கள்தான், மிஞ்சிப்போனால் பத்து. அதற்குள் 3,000 அடி ஏறி, விமானங்கள் இறங்கும் பாதையில் நின்றுவிட்டு, பத்திரமாகத் தரைக்கும் திரும்ப வேண்டும். காதைக் கிழிக்கும் அந்த டர்பைன் சத்தத்தோடு சுமார் 40 லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவர் கிளம்பி, ஏறி, இறங்கியிருக்கிறார், கீழே ஒருத்தர் காதிலும் விழவில்லை என்றால் நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

2021 நவம்பரில் முடிச்சு பாதி அவிழ்ந்தது. முந்தைய ஆண்டு போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த வீடியோ வெளியானது. அதில் மிதந்தது ஆள் உயரத்துக்கு ஒரு பலூன். ஒரு ஹாலிவுட் பொம்மைப் படத்தின் எலும்புக்கூடு நாயகன் ஜாக் ஸ்கெலிங்டன்! ஹாலோவீனுக்குக் கட்டியது எங்கோ அறுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். விமானிகள் சிலர் பார்த்தவை பலூன்களாக இருக்கலாம் என்று எஃப்.பி.ஐ.யும் சொன்னது.

ஊர் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. ஆனால், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களின் கண்ணுக்கே பலூன் எது, மனிதன் எது என்று தெரியவில்லையே? அவர்கள்மேல் குற்றம் இல்லை. இறங்கும் விமானம் நொடிக்குச் சுமார் 80 மீட்டர் வேகத்தில் போகிறது. வெட்டவெளியில் ஒரு பொருளின் அளவு தெரியாமல் தூரத்தைச் சொல்ல முடியாது, தூரம் தெரியாமல் அளவைச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மரமா இருக்கிறது, வீடா இருக்கிறது?

கண்ணை நம்பி வானத்தை நடத்தினால் என்ன ஆகும் என்று அதே லாஸ் ஏஞ்சலஸ் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1986 ஆகஸ்ட் 31. அருகிலுள்ள செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, சுமார் 6,500 அடியில், ஏரோமெக்சிகோவின் டிசி-9 விமானமும் ஒரு குட்டி பைப்பர் விமானமும் மோதின. மேலே 67 பேர், கீழே வீடுகளில் இருந்த 15 பேர், ஆக 82 உயிர்கள். அன்று வானம் பளிச்சென்று இருந்தது. பைப்பர் அனுமதி பெறாமல் கட்டுப்பாட்டு எல்லைக்குள் நுழைந்திருந்தது. ரேடாருக்குப் பதில் அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர் கருவி உயரத்தைச் சொல்லும் வசதி இல்லாதது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கா பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் அந்தப் பாடத்துக்கு 1996 நவம்பரில் டெல்லி அருகே சர்க்கி தாத்ரியில் விமானங்கள் மோதி 349 பேர் சாக வேண்டியிருந்தது.

டிகாஸ் வேலை செய்யும் விதம் எளிது. சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களிடம் ‘நீ எங்கே, எவ்வளவு உயரம்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வந்தால்தான் அந்த விமானம் இருப்பதே அதற்குத் தெரியும். டிரான்ஸ்பாண்டர் இல்லாமல் ஜெட்பேக்கில் வருபவரிடமிருந்து பதில் வராது. மனித உடல் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதும் சொற்பம். பறவைகளையும் மெதுவாக நகரும் சில்லறைப் பொருள்களையும் வடிகட்டும்படி அமைத்த திரையில் அவரும் சேர்ந்தே காணாமல் போகலாம். இது போதாதென்று, பெரிய விமானம் விட்டுச்செல்லும் காற்றுச் சுழலில் சிறிய விமானங்களே கவிழ்ந்ததுண்டு. 747-க்குப் பின்னால் முதுகில் இயந்திரத்தோடு மிதப்பவரின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை. 1982 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ்வாசி லாரி வால்டர்ஸ், தோட்டத்து நாற்காலியில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஹீலியம் பலூன்களைக் கட்டிக்கொண்டு சுமார் 16,000 அடிக்குப் போய்விட்டார். பயணிகள் விமானிகள் பார்த்துத் தகவல் கொடுத்தார்கள். கையோடு கொண்டுபோன துப்பாக்கியால் பலூன்களைச் சுட்டுச் சுட்டு இறங்கியவர் மின்கம்பியில் போய்ச் சிக்கினார். ஏதோ ஒரு விதியை மீறியிருக்கிறார், எந்த விதி என்று கண்டுபிடித்ததும் வழக்குப் போடுவோம் என்பதாகத்தான் எஃப்.ஏ.ஏ. தரப்பு பேசியது. கடைசியில் 1,500 டாலர் கட்டினார்.

அதே 1982-ல் வந்ததுதான் ‘பார்ட் 103’ விதி. எடை 254 பவுண்டுக்குக் கீழ், எரிபொருள் 5 கேலனுக்குள், வேகம் மணிக்கு 55 கடல் மைலுக்குள், ஒருவர் மட்டும் ஏறக்கூடியது என்றால் அது ‘அல்ட்ராலைட்’. லைசென்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம். பகலில் மட்டும், ஊர் நெரிசலுக்கு மேல் போகாமல், விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வானத்தில் அனுமதியின்றி நுழையாமல் பறக்கலாம். இந்த அளவுகளுக்குள் அடங்கும் ஜெட்பேக்குக்கும் இதே சலுகைதான். ஆனால் 250 கிராமைத் தாண்டும் டிரோனை அமெரிக்காவில் பதிவு செய்தாக வேண்டும். பறக்கும்போது தன் அடையாளத்தை அது ஒலிபரப்பவும் வேண்டும். டிரோனுக்கு நம்பர் பிளேட், ஆளுக்குக் கிடையாது! ஆளையும் அடையாளத்தை ஒலிபரப்ப வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கருவி இப்போது உள்ளங்கையில் அடங்குகிறது.

ஒலிபரப்பினால் மட்டும் தீர்ந்துவிடுமா என்பது வேறு கேள்வி. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்த ‘சூப்பர் ஸ்கூப்பர்’ விமானத்தின் இறக்கையில் ஒரு டிரோன் ஓட்டை போட்டது. தடை செய்யப்பட்ட வானம் அது. தீயை வேடிக்கை பார்க்க ஒருவர் அனுப்பிய டிரோன், தண்ணீர் கொட்டும் விமானத்தைத் தரையில் உட்காரவைத்துவிட்டது.

ஜெட்பேக்குக்கு உண்மையில் வேலை கிடைப்பது நகரங்களுக்கு வெளியேதான். 2020 செப்டம்பரில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஏர் ஆம்புலன்ஸ் அமைப்பு ஒன்று பிரவுனிங்கின் ஜெட் உடையைச் சோதித்தது. நடந்தால் 25 நிமிடம் பிடிக்கும் இடத்துக்கு அவர் 90 விநாடியில் போய்ச் சேர்ந்தார். பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் அதை மாட்டிக்கொண்டு படகிலிருந்து கப்பலுக்குத் தாவிப் பார்த்தார்கள். 48 ஜெட்பேக்குகள் வாங்க இந்திய ராணுவம் 2023-ல் முன்மொழிவு கோரியது. மலையும் கடலும் எல்லையும் விமானங்கள் வரிசைகட்டி இறங்கும் இடங்கள் அல்ல என்பதால் அங்கே கொஞ்சம் நிம்மதி. ஆனால் அந்த மலைச்சரிவில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிப்போக அடுத்து வரப்போவது ஹெலிகாப்டர்தான். மருத்துவர் ஜெட்பேக்கில் முன்னால் கிளம்பிவிட்டார் என்பதை அதன் விமானிக்கு யாராவது ரேடியோவில் சொல்லியாக வேண்டும்.