செம்மண் வெளியில் ஒரு கூடாரம்

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு பாறை, வரைபடத்தில் விரற்கடை தூரம். நிஜத்தில் 450 கிலோமீட்டருக்குக் குறையாது. வழவழப்பான தார்ச் சாலை. சில பகுதிகளில் மணிக்கு 130 வரை ஓட்ட அனுமதி உண்டு. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ப் பாறையைச் சுற்றிவிடலாம் என்று அப்பாக்கள் கணக்குப் போடுவார்கள். பின்சீட்டில் மூன்று வயதும் ஆறு வயதும் உட்கார்ந்திருந்தால், 200 கிலோமீட்டரில் வரும் எர்ல்டண்டா ரோட்ஹவுஸிலேயே அந்தக் கணக்கு உதிர்ந்துவிடும். அங்கே இறங்கி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, முடிந்தால் அன்றிரவு அங்கேயே கூடாரம் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். இருட்டிய பிறகு கங்காருவும் மாடும் சாலையில் நிற்கும். வாடகைக் கார் நிறுவனங்கள் பலவும் இரவில் ஓட்டக்கூடாது என்றே நிபந்தனை போடுகின்றன.

பாறையைச் சுற்ற மதியத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய தப்பு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜனவரியின் சராசரிப் பகல் வெப்பம் 36 டிகிரி. உலுருவுக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டா ஜூட்டா குன்றுகளில், 36 டிகிரியைத் தொடும் என்று வானிலை அறிக்கை சொன்னால், 'காற்றுப் பள்ளத்தாக்கு' நடைபாதையைக் காலை 11 மணிக்கே அடைத்துவிடுகிறார்கள். அது பெரியவர்களுக்கும் சேர்த்துப் போட்ட விதி. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்பது மணிக்கே கடையைக் கட்டலாம். உலுருவின் அடியை முழுக்கச் சுற்ற 10 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். முட்டிஜுலு நீர்ச்சுனைக்குப் போய்வர ஒரு கிலோமீட்டர்தான், சமதரை, பாறையின் நிழலும் கிடைக்கும். ஆறு வயதுக்கு அது போதும்.

குழந்தையின் உடல் எடைக்குத் தோல்பரப்பு அதிகம். வெளிச்சூடு விறுவிறுவென்று ஏறும். வியர்வையோ பெரியவர்களைவிடக் குறைவு. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். கேட்காமல் பாட்டிலைக் கையில் திணிக்க வேண்டும். பெரியவர்களுக்கே, வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு லிட்டர் என்பதுதான் தேசியப் பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை காரணமில்லாமல் சிணுங்கினால், முகம் சிவந்தால், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால், அடம் என்று அதட்டாமல் நிழலுக்குத் தூக்கிப் போய் ஈரத்துணி போடுங்கள். தூங்கித் தூங்கி விழுந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள். செல்போன் சிக்னல் ஊரைத் தாண்டினால் இருக்காது என்பதால், தூர வழிகளில் போகிறவர்கள் சாட்டிலைட் போனை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

கூடாரத்தை எங்கே போடுவது என்பதில்தான் பாதி வெற்றி. மாலையில் வந்து இடம் பார்ப்பவர்கள் அப்போதைய நிழலைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். பார்க்க வேண்டியது மறுநாள் காலை வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை. கிழக்கே ஒரு மரம் இருந்தால் பிள்ளைகள் ஏழு மணி வரை தூங்கும். மதியத்திலோ, ஜிப்பை இழுத்துவிட்ட டென்ட் ரொட்டி அடுப்புதான். இரண்டு மரங்களுக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டி அதனடியில் கிடப்பதே வழி. காரில் ஏற்றும்போது குழந்தை இருக்கையின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெயிலில் நின்ற காரில் அது தொடையில் சூடு போட்டுவிடும்.

முதல்முறை போகிற குடும்பத்துக்கு உலுருவைவிட மேற்கு மெக்டானல் மலைத்தொடர்தான் தோது என்பது என் கட்சி. அரெர்ன்டே இனத்து ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா நீர்வண்ணத்தில் தீட்டித் தீட்டி உலகுக்குக் காட்டிய நிலம் அது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 90 கிலோமீட்டருக்குள் எல்லரி கிரீக் மடு. அதைத் தாண்டினால் ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கு. இரண்டு இடத்திலும் முகாம் போடலாம், ஆனால் முன்பதிவு வேண்டும். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கிடக்கும் எல்லரி மடுவில், வெளியே என்ன வெயில் அடித்தாலும் தண்ணீர் நடுக்கும். உள்ளே குதித்த வேகத்திலேயே உதடு நீலம் பாரித்து வெளியே ஓடி வரும் பிள்ளைகள் உண்டு. மூச்சு முட்டும் அளவு குளிரும் என்பதால் கரையோரம் மட்டும்தான், அதுவும் பெரியவர் ஒருவர் தண்ணீரில் நிற்கும்போது மட்டும்தான்.

டிங்கோ நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1980 ஆகஸ்டில் உலுருவில் முகாமிட்டிருந்த குடும்பத்தின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா சேம்பர்லின் கூடாரத்திலிருந்து காணாமல் போனாள். டிங்கோ தூக்கிப் போனதாகக் கதறிய தாய் லிண்டியை நம்பாமல் கொலைக்குற்றம் சாட்டி 1982இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தது 2012இல். முகாம்களில் இன்றும் டிங்கோ வரும். உணவையும் செருப்பையும் வெளியே விடாதீர்கள். கைக்குழந்தையைக் கூடாரத்தில் தனியே விட்டு நகராதீர்கள்.

ஈக்கள் பகலெல்லாம் கண்ணிலும் வாயோரத்திலும் மொய்க்கும். தலைக்குப் போடும் ஈவலையை முதல் நாளே வாங்கிவிடுங்கள். குழந்தைகளுக்கு அது வேஷம் கட்டிய மாதிரி இருப்பதால் தகராறு இல்லாமல் போட்டுக்கொள்வார்கள். முகாம் தீ மட்டும் நினைத்தபடி அமையாது. தேசியப் பூங்காவுக்குள் விறகு பொறுக்க அனுமதி இல்லை; வறண்ட, காற்றடிக்கும் நாள்களில் முழு நெருப்புத் தடையும் வரும். அப்படி ஒரு நாளுக்கென்று ரொட்டி, வேகவைத்த முட்டை, ஆரஞ்சு என்று அடுப்பே வேண்டாத ஒரு வேளைச் சாப்பாட்டைப் பெட்டியில் தனியாக வைத்திருங்கள்.