எதிரே இருவர், பின்னால் கோலி மட்டும்

கால்பந்தில் ஆள் குறைவாக நின்று தற்காப்பது என்பது, பந்தோடு வருபவர்களைவிடத் தடுப்பவர்கள் குறைவாக இருக்கும் சில வினாடிகளைச் சமாளிப்பது. ஒருவருக்கு எதிரே இருவர், இருவருக்கு எதிரே மூவர்: இளையோர் ஆட்டங்களில் இந்த இரண்டு நிலைமைகளே அதிகம் வரும். சிவப்பு அட்டை வாங்கி அணி பத்துப் பேராகச் சுருங்குவது எப்போதாவது நடப்பது. ஆனால் தாக்கப் போன அணி நடுக்களத்தில் பந்தைப் பறிகொடுத்த மறுகணம், பின்னால் ஒரே ஒரு பேக் மட்டும் நிற்பது ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் நடக்கிறது. அந்த இடத்தில் நிற்கும் பையனோ பெண்ணோ என்ன செய்ய வேண்டும் என்பதைப் பல பயிற்சிக் களங்கள் சொல்லித் தருவதே இல்லை. கோல் விழுந்த பிறகு திட்டுவது மட்டும் தவறாமல் நடக்கிறது.

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழையின் தென்கரையில், கும்பிடியை ஒட்டி இருப்பது. ஆற்றைத் தாண்டினால் குற்றிப்புரம், மலப்புறம் மாவட்டம். செவன்ஸ் ஆட்டம் ஊர்த் திருவிழாவாகவே நடக்கும் பூமி. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேடு வட்டாரத்தில், ஏலக்காடுகளுக்கு நடுவே இருப்பது. கம்பத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி வேலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் நிற்கும் மலை அது. அதே மாவட்டத்தில், மூணாறில், தேயிலைத் தோட்ட அணிகள் மோதும் ஃபின்லே கேடயப் போட்டி 1940-களில் தொடங்கியது. இரண்டு ஆனைக்கரைகளுக்கும் மண்ணும் வானிலையும் வேறு வேறு. தனியாக நிற்கும் பேக்கின் சிக்கல் மட்டும் ஒன்றே.

அறுவடை முடிந்த வயல், மூங்கிலும் கமுகும் வைத்துக் கட்டிய கேலரி, இரவு விளக்கு, அணிக்கு ஏழு பேர், பாதிக்கு 30 நிமிடம், ஆஃப்சைடு கிடையாது. செவன்ஸ் பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஏழு பேரில் கோலியைக் கழித்தால் மிஞ்சுவது ஆறு. அதில் நால்வர் மேலேறிய நேரத்தில் பந்து கைமாறினால் பின்னால் இருவர், சில சமயம் ஒருவர். சிறிய மைதானம் என்பதால் எதிரணி நான்கைந்து வினாடியில் கோல் வாசலுக்கு வந்துவிடும். இந்த ஆட்டத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஆள் குறைவாக நின்று தடுப்பது புதிதல்ல. கேலரி எதற்குக் கை தட்டுகிறது என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். அது கோலுக்குத் தட்டும். அதற்கு அடுத்தபடியாக, தரையோடு சறுக்கிப் போய்ப் பந்தை வெளியே தள்ளும் ஸ்லைடிங்குக்குத் தட்டும். பின்வாங்கிப் பின்வாங்கி ஐந்து வினாடி கடத்திய பேக்குக்குக் கை தட்டுவது அபூர்வம்.

அந்த ஐந்து வினாடியில்தான் முழுக் கலையும் இருக்கிறது. இருவருக்கு எதிரே தனியாக நிற்பவரின் வேலை பந்தைப் பறிப்பது அல்ல, நேரம் வாங்குவது. பதின்மூன்று வயதுப் பிள்ளை நின்ற இடத்திலிருந்து கிளம்பி 20 மீட்டர் ஓட ஏறக்குறைய மூன்றரை வினாடி ஆகும். ஆகவே தனியாக நிற்பவர் நான்கு வினாடி தாமதப்படுத்தினால், 20 மீட்டருக்கு அப்பால் இருந்த தோழர் உதவிக்கு வந்து சேர்ந்துவிடலாம். இருவருக்கு எதிரே இருவர் என்று கணக்கு நேராகிவிடும். பாய்ந்து காலை விட்டு ஏமாந்தால் அந்த நான்கு வினாடியும் போய், கோலி மட்டும் மிஞ்சுகிறார். “காலை விடாதே” என்று பயிற்சியாளர்கள் கத்துவதன் பொருள் இதுதான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் கட்டளையை மட்டும் கத்தினால் அது பிள்ளையின் காதில் ஏறுவதில்லை. இந்த வினாடிக் கணக்கை ஒருமுறை கடிகாரம் வைத்து ஓடவிட்டுக் காட்டினால் போதும்.

நேரம் வாங்குவது நிற்கும் விதத்தில் தொடங்குகிறது. இரண்டு பாதங்களும் எதிராளியை நேராகப் பார்த்து நின்றால் பந்து கால்களுக்கு நடுவே போகும், அல்லது திரும்புவதற்குள் ஆள் போய்விடும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, முழங்கால் மடக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, சிறு அடிகளாகப் பின்னால் நகர வேண்டும். பந்து வைத்திருப்பவருக்கு அருகே போய்விடக் கூடாது. இரண்டு மூன்று அடி எடுத்து வைத்தால் எட்டும் தூரம் போதும். அதைவிட முக்கியம், நிற்கும் கோணம். இரு எதிராளிகளுக்கும் நடுவே பந்து போகக்கூடிய வழியில் சற்றே சாய்ந்து நின்று, பாஸை அடைத்து, பந்தோடு வருபவரை ஓரத்துக்கு விட வேண்டும். நெல்வயலில் ஒரு மடையை அடைத்து மறு மடையைத் திறப்பதைப் போன்றது இது. தண்ணீரை யாரும் நிறுத்துவதில்லை. போகும் பக்கத்தை மாற்றுகிறார்கள். எந்தப் பக்கம் திறப்பது? எதிராளியின் பலவீனமான கால் இருக்கும் பக்கம். அது தெரியாவிட்டால் பக்கக்கோட்டுப் பக்கம்.

2019 மார்ச் 31 அன்று லிவர்பூலுக்கும் டாட்டன்ஹாமுக்கும் நடந்த ஆட்டம் இதற்குப் பாடப்புத்தகம் போன்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, 1–1 என்ற நிலையில், டாட்டன்ஹாமின் இருவர் லிவர்பூலின் ஒரே ஸ்டாப்பரை நோக்கி ஓடி வந்தார்கள். ஸ்டாப்பர் காலை நீட்டவே இல்லை. இருவரில் ஆபத்தானவருக்குப் பாஸ் போகும் வழியை உடம்பால் மறைத்துக்கொண்டே பின்வாங்கினார். பந்து வைத்திருந்தவருக்கு அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் பழக்கமில்லாத இடது காலால். பந்து கம்பத்துக்கு மேலே போனது. லிவர்பூல் 2–1 என்று வென்றது. அந்தச் சில வினாடிகளின் காணொளியை ஒரு மாலை பிள்ளைகளுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டுவது, பத்து நாள் கத்துவதைவிடப் பயன் தரும்.

எல்லையில்லாமல் பின்வாங்கவும் முடியாது. பெனால்ட்டிப் பெட்டியின் ஆழம் 16.5 மீட்டர். அதன் விளிம்பு வரும்போது நின்றே ஆக வேண்டும். அதற்கு உள்ளே போனால் கோலியின் பார்வையை மறைப்பதோடு எதிராளிக்குச் சுலபமான தூரத்தையும் கொடுத்ததாகிவிடும். அதற்கு முன்னரே காலை விடலாம் என்று சொல்லும் தருணங்கள் சில உண்டு. பந்து காலைவிட்டு விலகி உருண்டது, எதிராளி தலை குனிந்து பந்தையே பார்க்கிறார், பாஸ் மெதுவாக வருகிறது. இவற்றைக் காணும் கண்ணைத்தான் பயிற்சி வளர்க்க வேண்டும்.

கோலியும் பேக்கும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய உடன்பாடு ஒன்று உண்டு: பாஸ் பேக்கின் பொறுப்பு, அடி கோலியின் பொறுப்பு. இருவரும் பந்தை நோக்கிப் போனால் இரண்டாவது ஆளுக்குக் காலி கோல் கிடைக்கும். 7.32 மீட்டர் அகலமான கோல் வாசலை வளராத கோலி ஒருவர் காப்பது கடினம். ஆனால் அடி ஓரத்திலிருந்து, சாய்ந்த கோணத்தில், பலவீனமான காலால் வரும் என்று தெரிந்தால் அவர் மறைக்க வேண்டிய பரப்பு பாதியாகிவிடும்.

மூவருக்கு எதிரே இருவர் என்றால் ஒருவர் பந்தை எதிர்கொள்வார், மற்றவர் அவருக்குப் பின்னால் சற்று உள்ளே தள்ளி நின்று கவர் செய்வார். மூன்றாவது எதிராளியை, பந்திலிருந்து மிகத் தூரத்தில் இருப்பவரை, விட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதில் இதுவே மிகக் கடினம். ஆளில்லாமல் நிற்கும் ஒருவனைக் கண்டால் அவன் பக்கம் ஓடத் தோன்றும். அப்போது நடுவழி திறந்துவிடும். தூரத்து ஆளுக்குப் பந்து போய்ச் சேரும் நேரத்தில் இரு பேக்குகளும் சேர்ந்தே நகர்ந்துவிடலாம் என்பதைக் களத்தில் நடக்கவிட்டுக் காட்டினால் நம்புவார்கள்.

செவன்ஸில் பழகிய பிள்ளை பதினொருவர் ஆட்டத்துக்கு வரும்போது ஒரு பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. ஆஃப்சைடு இல்லாத ஆட்டத்தில் எதிராளி ஒருவர் கோல் வாசலிலேயே காத்திருக்கலாம். ஆகவே பேக் மளமளவென்று கோலை நோக்கி ஓடுவார். பதினொருவர் ஆட்டத்தில் ஆஃப்சைடு கோடே ஓர் ஆள் மாதிரி உதவும். எதிராளிக்கும் கோலுக்கும் இடையே மூன்று பேர் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 1925-ல் இரண்டு பேர் என்று தளர்த்தப்பட்டது. கோல்கள் குவிந்தன, அணிகள் நடுவரிசை ஆட்டக்காரர் ஒருவரைப் பின்னால் இறக்கி மூன்றாவது பேக்காக நிறுத்தின. ஸ்டாப்பர் என்ற இடம் பிறந்ததே அப்படித்தான். அந்த வரலாறு பிள்ளைக்கு வேண்டியதில்லை. பந்துக்கு முன்னால் ஓடிவிட்ட எதிராளியை ஆஃப்சைடில் நிறுத்த, தான் அவசரப்பட்டுப் பின்வாங்காமல் இருந்தால் போதும் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

பயிற்சிக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. சமதளம் அரிதான இடுக்கி மலையில்கூட 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் கிடைத்துவிடும். இருவர் பந்தோடு வரட்டும், ஒருவர் தடுக்கட்டும், கோலி ஒருவர். இன்னொரு பேக்கைத் தாக்குபவர்களுக்குப் பின்னால் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, பந்து நகர்ந்ததும் ஓடிவரச் செய்ய வேண்டும். அவர் பந்தைத் துரத்தக் கூடாது. கோலின் நடுவை நோக்கி ஓட வேண்டும், வழியில்தான் எதிராளியைச் சந்திக்க வேண்டும். மதிப்பெண் முறையையும் மாற்ற வேண்டும். பந்தைப் பறித்தால் ஒரு புள்ளி. ஆறு வினாடி கோல் விழாமல் கடத்தினால் இரண்டு புள்ளி. இந்த ஒரு மாற்றத்தில் பிள்ளைகள் நிற்கும் விதமே மாறிவிடும். பாலக்காட்டு வெயிலில், குறிப்பாக மார்ச், ஏப்ரலில், இதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். முழு வேகத்தில் பின்னோக்கி ஓடுவது தாக்குவதைவிடக் களைப்பு தரும் வேலை. மலையில் ஜூன் பிறந்து மழை இறங்கியதும் சேற்றில் பாஸ் நின்று நின்று போகும். அப்போது பேக்கின் கை ஓங்கும். அந்த மாதங்களில் கற்றதை உலர்ந்த தரையில் மறுபடியும் கற்க வேண்டும்.

பத்து வயதுக்குக் கீழே இவையெல்லாம் வேண்டாம். ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு ஒருவர் என்று விளையாடவிட்டாலே போதும். பதினொன்று, பன்னிரண்டில் தாமதப்படுத்துவது, பதின்மூன்றில் கவர் என்று ஏறிச் செல்லலாம். சிறு வயதில் தற்காப்பைப் போதித்தால் ஆட்டத்தின் மகிழ்ச்சி போய்விடும், பந்தோடு விளையாடுவதே முதலில் வர வேண்டும் என்று வாதிடும் பயிற்சியாளர்களும் உண்டு.

மகிழ்ச்சி போவது உண்மையில் வேறோர் இடத்தில். பேக் நிலையில் யாரை நிறுத்துகிறார்கள் என்று எந்த ஊர் மைதானத்திலும் பார்க்கலாம். ஓட்டம் குறைந்தவர், பந்து அடிக்கத் தெரியாதவர், புதிதாகச் சேர்ந்தவர். அவருக்கு எதிரே இருவரை அனுப்பிவிட்டு, கோல் விழுந்ததும் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள் எல்லாரும் அவர் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். பந்து பறிபோனது அறுபது மீட்டருக்கு அப்பால், தேவையில்லாமல் மூன்று பேரை வெட்டி ஆடப் பார்த்த ஃபார்வர்டின் காலில். திரும்பி ஓடாமல் இடுப்பில் கை வைத்து நின்றவர்கள் நான்கு பேர். இவர்களில் யார் பெயரும் ஒலிப்பதில்லை.

இந்தத் திட்டுக்கும் ஆட்ட நுணுக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டுமுறை பெயர் சொல்லித் திட்டு வாங்கிய பிள்ளை மூன்றாவது முறை காத்திருக்க மாட்டான், பாய்ந்துவிடுவான். ஏமாந்தாலும் “முயற்சி செய்தான்” என்ற பெயராவது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். பின்வாங்கி நேரம் கடத்தியவனைப் “பயந்தாங்கொள்ளி” என்பார்கள். ஆகவே காலை விடாதே என்று வாரம் முழுக்கச் சொல்லித் தந்த பாடத்தை ஞாயிற்றுக்கிழமை கோட்டோரத்துக் கூச்சல் அழித்துவிடுகிறது. பாய்வது உடம்புக்கும் கேடு. அறுவடைக்குப் பின் இறுகிய வயல் மண்ணிலும் மலைமேட்டுச் சரளையிலும் சறுக்கினால் தொடையும் முழங்கையும் உரியும், கணுக்கால் திரும்பும். வளரும் வயதில் எலும்பின் நுனிகள் இன்னும் இறுகியிருப்பதில்லை. விதியும் கடுமையானது: உறுதியான கோல் வாய்ப்பை ஃபவுல் செய்து தடுத்தால் சிவப்பு அட்டை. பெனால்ட்டிப் பெட்டிக்குள் பந்துக்காகவே முயன்றதாக நடுவர் கருதினால் மஞ்சள் அட்டை போதும் என்று 2016-ல் தளர்த்தப்பட்டது. பெட்டிக்கு வெளியே அந்தச் சலுகை இல்லை.

பதினான்கு, பதினைந்து வயதில் துணிச்சலான பேக் என்று பெயர் வாங்கியவர்களை விளக்கு மைதானங்களுக்கு அழைத்துப் போகும் பழக்கம் இந்த வட்டாரங்களில் பெருமையாகவே பார்க்கப்படுகிறது. வளர்ந்த ஆட்டக்காரர்கள் இருவர் முழு வேகத்தில் வரும்போது அந்த வயதுப் பிள்ளையைத் தனியாக நிறுத்துவது பயிற்சி ஆகாது. வயதுவாரியாகப் பிரித்த ஆட்டம் மட்டுமே அவர்களுக்கு உரியது; செவன்ஸ் ஆடினாலும் தங்கள் வயதினரோடுதான் ஆட வேண்டும்.

களத்தில் செய்யக்கூடியவை எளியவை. பதினான்கு வயது வரை எல்லாரும் முறைவைத்துப் பேக்காக நிற்க வேண்டும், ஃபார்வர்டு உட்பட. இருவரைத் தனியாக எதிர்கொண்ட அனுபவம் உள்ள ஃபார்வர்டு அடுத்த முறை திரும்பி ஓடுவார். பதினான்கு வயதுக்குக் கீழே சறுக்கித் தடுப்பதைப் பயிற்சியில் முழுக்க விலக்கிவிடலாம். கோட்டோரத்தில் நிற்கும் பெற்றோரிடம் ஆட்டம் தொடங்கும் முன்பே, கோல் விழுந்தால் யார் பெயரையும் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சியாளரின் குறிப்பேட்டில் விழுந்த கோலுக்கு எதிரே பேக்கின் பெயருக்குப் பதில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: பந்து எந்த இடத்தில் பறிபோனது, எத்தனை பேர் திரும்பி ஓடினார்கள், தனியாக நின்றவர் எத்தனை வினாடி தாங்கினார். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வட்டமாக உட்காரும்போது பேச்சு முதல் விவரத்திலிருந்து தொடங்க வேண்டும்.