கைப்பேசிக்குள் ஒரு கல்யாணத் தரகர்

தோட்டத்துத் தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்கள் வீட்டில் முப்பது வயதை எட்டிப் பிடிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறதா? பினாங்கிலோ கிள்ளானிலோ தொழிற்சாலை வேலை. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் வந்துவிடும். தீபாவளிக்கு வந்தால் மட்டும் முகத்தில் ஒரு வாட்டம். "ஏம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டால், "கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன், பார்க்கலாம்" என்று பதில் வரும். அந்தப் பதில் உங்கள் வயிற்றைக் கலக்குகிறது அல்லவா? அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முன்பெல்லாம் இந்தக் கவலையைத் தோட்டமே சுமந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தார் வருவார்கள். தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் பெண்ணை யாராவது ஒரு சின்னம்மா பார்த்து வைப்பார். பையன் எப்படி என்று கங்காணியிடம் கேட்டால், அவன் பெரட்டுக்கு எத்தனை நாள் பிந்தி வந்தான் என்பது வரை சொல்லிவிடுவார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்துச் சனம் பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறியது. விசாரித்துச் சொல்ல ஆளில்லை. அந்தக் காலி நாற்காலியில்தான் இந்தச் செயலிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே பிள்ளையைத் திட்டாதீர்கள். தரகர் மாறியிருக்கிறார், அவரைச் சோதிக்கும் விதம்தான் நமக்குப் பழக்கமில்லை.

என் அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள். ஒரு செயலியில் ஆறு மாதக் கட்டணம் கட்டிச் சேர்ந்தாள். "லட்சக்கணக்கான வரன்கள்" என்று விளம்பரம். உள்ளே போய்ப் பார்த்தால் மதுரை, கோயம்புத்தூர், துபாய்! பேராக், கெடா என்று தேடியபோது வந்தவர்கள் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் ஓராண்டாக உள்ளேயே வரவில்லை. ஒருவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். படத்தை எடுக்க மறந்துவிட்டாராம். மனம் வெறுத்து வேறொரு செயலிக்குப் போனாள். அங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. முதல் வாரமே ஒரு "கப்பல் பொறியாளர்" வந்தார். காலையும் மாலையும் அன்பான செய்தி. இரண்டாம் மாதம் அவளுக்கு நகையும் கைப்பையும் பொட்டலமாக அனுப்பினாராம். சுங்க அதிகாரி என்று ஒருவன் தொலைபேசியில் அழைத்து, வரி கட்டினால்தான் பொட்டலம் வெளியே வரும் என்றான். 2,800 வெள்ளி போயிற்று. பெண் சோறு உண்ணாமல் கிடந்த பிறகுதான் அண்ணனுக்கே விஷயம் தெரியும்.

பாருங்கள், முதலாவது செயலியில் உயிரில்லை. இரண்டாவதில் உயிர் இருந்தது, நாணயம் இல்லை. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், அதுவும் காசு கட்டுவதற்கு முன்னால்.

செயலிகளிலும் சாதி பிரிவு உண்டு. நான் சொல்வது வேறு சாதி! டிண்டர் 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது. பம்பிள் 2014இல் வந்தது. இவை பழகுவதற்கான இடங்கள். கல்யாணம் தேடுபவரும் அங்கே இருப்பார், பொழுதுபோக்க வந்தவரும் இருப்பார். தமிழ் மேட்ரிமோனி போன்றவை நேரடியாக வரன் பார்ப்பவை. அதை நடத்தும் நிறுவனத்தைத் தொடங்கிய முருகவேல் ஜானகிராமன் தம் மனைவியையே தம் தளத்தின் வழியாகத்தான் கண்டடைந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்ததால் தைப்பிங்கில் உள்ள உங்கள் மகளுக்கும் கிடைத்துவிடும் என்பதில்லை. உலகம் முழுவதும் எத்தனை பேர் என்ற கணக்கு நமக்கு எதற்கு? நம் மாநிலத்தில், நம் வயதில், இந்த மாதம் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

அதை அறிவது கடினமில்லை. பெரும்பாலான செயலிகளில் இலவசமாகவே பதிந்துகொள்ளலாம். மாநிலத்தையும் வயதையும் குறித்துத் தேடி, எத்தனை பேர் என்று தாளில் எழுதுங்கள். கடைசியாக எப்போது வந்தார் என்று பல செயலிகள் காட்டும். மாதக்கணக்கில் வராதவரைக் கழித்துவிடுங்கள். இலவசமாகச் செய்தி அனுப்பவோ விருப்பம் தெரிவிக்கவோ விட்டால் பத்துப் பேருக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருங்கள். ஒருவர்கூடப் பதில் போடவில்லையென்றால் அங்கே பணம் கட்டுவது பால் வற்றிய மரத்தைச் சீவுவது போலத்தான். பிளே ஸ்டோரில் மற்றவர்கள் எழுதியிருப்பதையும் படியுங்கள். ஆனால் நட்சத்திரங்களை எண்ணாதீர்கள், தேதியைப் பாருங்கள். பணம் பிடித்துவிட்டார்கள், ஆளே இல்லை என்ற புகார் அண்மையில் அடிக்கடி வந்திருந்தால் விலகிவிடுங்கள்.

கட்டுவதென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டால் கட்டணம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது! பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால், அங்கேயே சந்தா என்னும் பகுதிக்குப் போய் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மாதாமாதம் அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இனி நாணயம். படத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலக்குறி இருக்கும். அது படத்தில் உள்ள முகமும் பதிந்தவர் முகமும் ஒன்று என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அவருக்கு வேலை உண்டா, வீட்டில் மனைவி உண்டா என்பதையெல்லாம் அந்தக் குறி சொல்லாது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு நல்லதுதான். ஆனால் இன்று கணினியால் முகத்தையும் குரலையும் போலியாக்க முடிகிறது. நேரில் காண்பதற்கு ஈடு வேறில்லை. முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டு நடக்கட்டும். சந்திக்க மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் அவருக்கு "விபத்து" நேர்ந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பார்க்காத ஆளுக்கு ஒரு காசுகூட அனுப்பக் கூடாது. அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பவும் கூடாது. பணம் வேண்டாம், உன் வங்கி அட்டையை மட்டும் கொஞ்ச நாள் கொடு என்று கேட்டால் இன்னும் ஆபத்து. அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போகும். 2024இல் திருத்திய சட்டப்படி, அப்படிக் கணக்கை இரவல் கொடுப்பவரும் குற்றவாளிதான். யாராவது ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்தால் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். புகார் வந்த கணக்கென்றால் காட்டும். காட்டவில்லை என்பதால் நல்ல கணக்கு என்றும் ஆகிவிடாது. இன்னும் யாரும் புகார் செய்யாமல் இருக்கலாம்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டிருக்க நேரமில்லை. உடனே 997 எண்ணை அழையுங்கள். 2022இல் அரசு அமைத்த மோசடித் தடுப்பு மையம் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் மறிக்க வழியுண்டு. பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். என் அண்ணன் மகள் வெட்கப்பட்டு மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று வாரம்தான் அந்தத் திருடனுக்குப் போதுமானதாக இருந்தது. பிள்ளை வந்து சொல்லும்போது, "நான் அப்போதே சொன்னேனே" என்று தொடங்காதீர்கள், தயவுசெய்து.

எல்லாம் பொருந்தி வந்தபின் ஒன்று கேட்பார்கள்: "கோயிலில் தாலி கட்டிவிடுவோம், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." ஒப்புக்கொள்ளாதீர்கள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. முஸ்லிம் அல்லாதார் திருமணம் அதன்படி பதியப்பட வேண்டும், ஒருவனுக்கு ஒருத்திதான். விண்ணப்பித்தால் பதிவு இலாகாவில் 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். தடை சொல்ல விரும்புபவர் சொல்லலாம். முன்பே மனைவி உள்ளவன் அந்த 21 நாளுக்குத்தான் பயப்படுவான்.

அண்ணன் மகள் இப்போது மூன்றாவதாக ஒரு செயலியில் இருக்கிறாள். பதிவதற்கு முன் தாளில் கணக்கெழுதிப் பார்த்தாள். கெடாவில் மட்டும் முப்பத்தொரு பேர், அதில் இருபது பேர் அந்த மாதம் வந்து போனவர்கள். சுங்கைப் பட்டாணிப் பையன் ஒருவன், லாரிப் பட்டறையில் வேலை. இரண்டாம் வாரத்திலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்து இவளைப் பார்த்திருக்கிறான். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. பட்டறைப் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வந்தார். வரும் சனிக்கிழமை அவர்கள் வீட்டார் வருகிறார்கள். முறுக்குக்கு மாவு போதுமா என்று அண்ணி நேற்றிரவு என்னை இரண்டு முறை அழைத்துவிட்டார்.