4,104 பைட்டில் 32 ஒலிகள்

1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோர்டின் மணிபோலக் கிணுகிணுக்கும் எலக்ட்ரிக் பியானோ, எண்பதுகளின் மெதுவான காதல் பாட்டுகளில் நிறையக் கேட்கும். அது வேண்டுமென்று பழைய பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த ஒலி பதிவு செய்யப்பட்டது அல்ல, வெறும் எண்கள். அதே எண்களைக் கணினிக்குக் கொடுத்தால் அதுவே ஒலியைக் கணக்கிட்டுத் தரும்.

முதலில் டெக்செட் என்ற பிளகினை நிறுவுங்கள், இலவசம்தான். அதிலுள்ள 'கார்ட்' பொத்தானை அழுத்தி, டிஎக்ஸ்7இன் பழைய ஒலித்தொகுப்புக் கோப்பை ஏற்றுங்கள். கோப்பின் அளவு 4,104 பைட்டா என்று பாருங்கள். 32 ஒலிகளுக்குத் தலைக்கு 128 பைட். முன்னும் பின்னும் அடையாளத்துக்கு 8. ஒரு பாஸ்போர்ட் போட்டோ பிடிக்கும் இடம்கூட இல்லை!

யமஹாவின் முதல் தொகுப்பில் 11ஆவதாக 'ஈ.பியானோ 1' இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து ஒரு சுரத்தை அழுத்துங்கள். இந்த ஒலியில் ஆறு ஆப்பரேட்டர்கள், அதாவது அலையை உருவாக்கும் அலகுகள், மூன்று ஜோடிகளாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் கீழே இருப்பது நம் காதுக்கு வரும். மேலே இருப்பது அதை உலுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டாம் ஆப்பரேட்டரின் விகிதம் 14. அதாவது அழுத்திய சுரத்தைவிடப் பதினான்கு மடங்கு வேகத்தில் உலுக்குகிறது. அதன் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பாருங்கள்: மணியோசை போய், மொத்தையான அடிச்சத்தம் மட்டும் மிஞ்சும். பழைய இடத்துக்கு ஏற்றினால் கிணுகிணுப்பு திரும்பிவிடும். கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் கண்ணாடி உடைகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்காது.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பழைய கீபோர்டை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அதன் வெலாசிட்டி, அதாவது அடியின் வேகத்தைச் சொல்லும் எண், 100ஐ ஒட்டியே நிற்கும். இன்றைய கீபோர்டு 127 வரை அனுப்பும், ஒலி காதைக் குத்தும். ஆகவே மென்பொருளில் உச்சத்தை 100 என்று கட்டிவிடுங்கள். டெக்செட்டின் எஞ்சினை 'மார்க் 1'க்கு மாற்றினால் அசல் கருவியின் சொரசொரப்பும் ஓரளவு கிடைக்கும்.

கோரஸ், ரிவர்ப் போன்ற எஃபெக்ட்டுகள் கடைசியில். டிஎக்ஸ்7இல் இவை இரண்டுமே கிடையாது, வெளியிலிருந்துதான் சேர்த்தார்கள்.

மாற்றிய ஒலியை வேறு பெயரில் சேமியுங்கள். பெயருக்கு 10 எழுத்துக்குத்தான் இடம்.